ஃபீஃபியின் நடை

உட்காருங்கள், அரபா அக்கா. அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. சுவர்ப் பக்கம் சாய்ந்துகொண்டால் ஆடாது. கென்கேயும் பொரித்த மீனும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். இந்தப் புழுதியில் கேப் கோஸ்ட்டிலிருந்து அக்ரா வரைக்கும் வேனில் இடிபட்டு வந்திருக்கிறீர்கள். வெறும் வயிற்றோடு கேட்கிற விஷயம் இல்லை இது.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். அன்று காலை உங்கள் தம்பி ஃபீஃபி தண்ணீர்த் தொட்டிக்குள் எப்படிப் போனான் என்று. பன்னிரண்டு வருடமாக யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன் என்று சொல்ல ஆசை. ஆனால் என்னைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். சொல்லியிருக்க மாட்டேன்.

உங்களுக்குத் தெரிந்த விஷயங்களும் நடுவில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு வரும்.

எனக்கு நடிப்பு வராது. அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. சுவரில் இரண்டு விருது மாட்டியிருக்கிறேன், வாசலில் ‘இயக்குநர் எபோ குவான்சா’ என்று பலகை வைத்திருக்கிறேன்; ஆனால் பதினேழு வயதில் நான் இயக்குநராக ஆசைப்படவில்லை. கதாநாயகனாக ஆசைப்பட்டேன். இயக்குநர் என்பது, கேமரா என் மாமாவுடையது என்பதால் என் தலையில் விழுந்த வேலை.

மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். சனிக்கிழமை தோறும் சாவு வீடுகளில் வீடியோ எடுப்பார். பன்னிரண்டு வயதிலிருந்து நான் அவரோடு போனேன். “அழுறவங்க முகத்துல இருந்து கேமராவை எடுக்காதே” என்பார். “எடுத்தா அழுகையை நிறுத்திடுவாங்க. அப்புறம் வீடியோ சப்புன்னு போயிடும்.” தொழிலில் எனக்குக் கிடைத்த ஒரே பாடம் அது. நன்றாகவே படித்தேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து படம் எடுப்பது என்று முடிவானது. குன்றின்மேல் மூடிக் கிடந்த ஒரு பழைய பள்ளிக்கூடம் கிடைத்தது. கதை என்னுடையது. விடுதிச் சாப்பாட்டில் மூன்று நாள் பழைய பீன்ஸைத் தின்று மாணவர்கள் செத்துப்போகிறார்கள். மறுநாள் காலை மணி அடித்ததும் பழக்க தோஷத்தில் எழுந்து வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு மூளை வேண்டும். முதல் பெஞ்சுக்காரர்களைத் துரத்துகிறார்கள். கடைசி பெஞ்சுக்காரர்களை முகர்ந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி விட்டுவிடுகிறார்கள். கடைசியில் பள்ளியைக் காப்பாற்றுவது அந்தக் கடைசி பெஞ்சு. படத்தின் பெயர் ‘மூளை உள்ளவன் ஓடு’. பதினேழு வயதில் இதைவிடப் பெரிய நகைச்சுவையை மனிதகுலம் கண்டதில்லை என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

முதலில் செத்து முதலில் எழும் வகுப்பு மானிட்டர்தான் படத்தின் உயிர். அந்த நடைப்பிணம் நான். இரண்டு வாரம் அலமாரிக் கண்ணாடி முன்னால் நடந்து பழகியிருந்தேன். முதல் நாள், முகத்தில் மரவள்ளி மாவும் வாயோரத்தில் பனை எண்ணெயும் தக்காளி விழுதுமாக, வராந்தாவில் நடந்து காட்டினேன். யாரும் சிரிக்கவில்லை. பயப்படவும் இல்லை. கதாநாயகி எகுவா தலையைச் சாய்த்துப் பார்த்தாள்.

“எபோ, இது பிணம் மாதிரி இல்ல. புது மாமியார் வீட்டுல கக்கூஸ் எங்கன்னு கேக்க வெக்கப்படுற மாப்பிள்ளை மாதிரி இருக்கு.”

அதற்குத்தான் எல்லோரும் சிரித்தார்கள். ஃபீஃபி அதிகமாகச் சிரித்தான். அவன் அப்போது நடிகர் பட்டியலிலேயே இல்லை. வசனத் தாளை வைத்துக்கொண்டு, மறந்தவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. அந்த வேலையைக்கூட நீங்கள் எவ்வளவு யோசித்து அனுமதித்தீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அவன் ரத்தத்தைப் பற்றி, செவிலியான உங்களுக்கு நான் பாடம் எடுக்க முடியாது. ஆனால் எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பதுதான் இங்கே முக்கியம். அவனுக்கு சிக்கிள் செல் நோய். உடம்பு குளிர்ந்தால், நாக்கு வறண்டால், ஓடியாடினால், ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து நாளங்களில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய இடத்தில் எலும்பை யாரோ உள்ளேயிருந்து முறிப்பதுபோல வலிக்கும். இது எனக்கு எட்டு வயதிலிருந்து தெரியும். அவனுடைய வலியை நான்கு தடவை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

படப்பிடிப்பின் முதல் நாள் காலை உங்கள் வாசலில் அவனை என்னிடம் ஒப்படைத்தீர்கள்.

“எபோ, இங்க பாரு. அரை மணிக்கு ஒருக்கா தண்ணி குடிக்கணும். காலையில ஸ்வெட்டரைக் கழட்டக் கூடாது. ஓடக் கூடாது. எங்கயாவது வலிக்குதுன்னா அப்பவே நிறுத்திட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வரணும். திருப்பிச் சொல்லு.”

சொன்னேன்.

“இன்னொரு தடவை.”

உங்கள் முதுகுக்குப் பின்னால் ஃபீஃபி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். “அக்கா, நான் படம் எடுக்கப் போறேன். சண்டைக்குப் போகல.”

“நீ வாயை மூடு. உன்னை யாரு நம்பினா? இவனை நம்பித்தான் அனுப்புறேன்.”

அந்த நான்கும் எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வேன். குழம்பு கெட்டுப்போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்லிக் கொடுத்தால், எப்படிக் கெடுப்பது என்றும் கூடவே சொல்லிக் கொடுத்துவிடுகிறார். உங்கள்மேல் பழி போடவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் நடந்தது விபத்துதான். அதை நான் செய்யவில்லை. பையன்கள் இடைவேளையில் பந்து விளையாடினார்கள், ஃபீஃபியும் இறங்கிவிட்டான். நான் மேக்கப்பைத் துடைத்துக்கொண்டு என் அவமானத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். உச்சிவெயில் நேரத்தில் அவன் மைதானத்திலிருந்து வராந்தாவை நோக்கி வந்தான். இடது கால் பின்னால் இழுபட்டு வந்தது. ஒரு தோள் காதுவரை ஏறியிருந்தது. தாடை இறுகி ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. மூன்றடி வைப்பான், நிற்பான், எங்கே போகிறோம் என்பதே மறந்ததுபோலப் பார்ப்பான், மறுபடி மூன்றடி.

எல்லோரும் அவன் என்னைக் கேலி செய்கிறான் என்று நினைத்தார்கள். எகுவா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை பேர் சிரிப்பதைப் பார்த்ததும் ஃபீஃபி, அந்த வலியிலும், குனிந்து ஒரு வணக்கம் போட்டான். அப்படிப்பட்டவன் அவன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. நான் அணைக்கவில்லை. மாமாவின் பாடம்.

அன்று வாக்கு மீறாமல் அவனை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நீங்கள் மாத்திரை கொடுத்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்கள். மறுநாள் சரியாகிவிட்டது. என்னைத் திட்டவில்லை, “சொன்னபடி உடனே கூட்டிட்டு வந்தியே, நல்ல பையன்” என்றீர்கள்.

நல்ல பையன் தன் அறைக்குப் போய் அந்த நாற்பது நொடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தான். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வந்தது. வலி என்று தெரிந்தும் வந்தது. எனக்கே கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது, ஆனால் அதற்காக நிறுத்தவில்லை.

மறுநாள் மானிட்டர் வேடத்தை அவனுக்குக் கொடுத்தேன். பெருந்தன்மை என்று எல்லோரும் பாராட்டினார்கள். நானும் பாராட்டிக்கொண்டேன்.

“எனக்கா?” என்று கேட்டான் ஃபீஃபி. “நிஜமாவா? ஹீரோ மாதிரியா?”

“ஹீரோவேதான்.”

“எபோ, என்னை சுதந்திர தின அணிவகுப்புலகூட நிக்க வெச்சதில்லடா.”

அது உண்மை. பந்து அணி, அணிவகுப்பு, நடனம் எதற்கும் அவனை யாரும் கூப்பிட்டதில்லை. முதலில் கூப்பிட்டவன் நான். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. நான் சேர்த்துக்கொண்டுதான் இத்தனை வருடம் தூங்கினேன் என்று சொல்கிறேன்.

பிரச்சினை என்னவென்றால், உடம்பு நன்றாக இருக்கும்போது அவனுக்கு அந்த நடை வரவில்லை. மூன்று நாள் முயன்றான். தன் வலியைத் தானே நடிக்கத் தெரியவில்லை அவனுக்கு. என்னைவிட மோசம், நானாவது கழிவறை தேடினேன், அவன் தொலைந்த செருப்பைத் தேடுகிறவன்போல இருந்தான். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்ப்பான். “வரலல்ல?” என்பான். “நாளைக்கு வரும்டா. சத்தியமா.”

எகுவா நல்ல யோசனை ஒன்று சொன்னாள். “அன்னைக்கு பந்து ஆடினப்ப எடுத்ததையே வெச்சுக்க. போதும்.” அதில் அவன் மஞ்சள் சட்டை போட்டிருந்தான், பின்னால் பந்து உதைக்கிறவர்கள் தெரிந்தார்கள். உச்சக்காட்சிக்கு அது ஆகாது என்று சொன்னேன். ஒரு சட்டையும் நான்கு பையன்களும்தான் காரணம் என்றால் நம்புவீர்களா? அப்போது எனக்கு அது மிகப் பெரிய காரணமாக இருந்தது.

ஆகவே படப்பிடிப்பு அட்டவணையை மாற்றினேன். நான் செய்தது அவ்வளவுதான் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்திருக்கிறேன். அட்டவணையை மாற்றினேன்.

உச்சக்காட்சியை விடிகாலை ஐந்தரை மணிக்கு வைத்தேன். வெளிச்சம் நீலமாக இருக்கும் என்று காரணம் சொன்னேன். ஹர்மத்தான் என்கிற வறண்ட குளிர்காற்று இறங்கியிருந்த வாரம். குன்றின்மேல் விடிகாலையில் போர்வை இல்லாமல் நிற்க முடியாது. கதைப்படி மானிட்டர் விடுதி அறையிலிருந்து எழ வேண்டும். அதை அடித்துவிட்டு, மழைநீர்த் தொட்டியிலிருந்து எழுகிறான் என்று எழுதினேன். அவனை அங்கே வரவழைக்க, தொட்டி வரைக்கும் மைதானத்தை மூன்று தடவை சுற்றி ஓடும் ஒரு காட்சியும் சேர்த்தேன். தண்ணீர்ப் பாக்கெட் மூட்டையை எகுவாவிடம் கொடுத்து, எட்டு மணிக்கு வந்தால் போதும் என்றேன். அவன் ஸ்வெட்டரை வாங்கி என் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன்.

நான்கு கட்டளைகளில் மூன்று அதற்குள் முடிந்துவிட்டது, அக்கா. நான்காவது மட்டும் பாக்கி.

அவன் விழவில்லை. நான்தான் இறங்கச் சொன்னேன். கேட்டதற்குப் பதில் இதுதான்.

சிமெண்டு தொட்டி, கழுத்தளவு தண்ணீர். முதலில் ஒரு காலை விட்டுப் பார்த்துவிட்டு எடுத்தான். “எபோ, ஐஸ் மாதிரி இருக்குடா. அக்காவுக்குத் தெரிஞ்சா உன்னையும் சேத்து உள்ள போட்டு மூடிடும்.”

“ரெண்டு நிமிஷம்தான். ஒரே ஷாட்.”

“நடை வரலைன்னா?”

“வரும்.”

“எப்படி இவ்வளவு நிச்சயமா சொல்ற?”

“எனக்கு உன்மேல நம்பிக்கை இருக்கு.”

அந்த வார்த்தையில் அவன் முகம் மலர்ந்ததை இப்போதும் என்னால் சரியாக வரைந்து காட்ட முடியும். இறங்கினான். இரண்டு நிமிடம் இல்லை. ஏழு நிமிடம். வெளியே வந்ததும் வெளிச்சம் இன்னும் சரியில்லை என்று சொல்லி, காற்று அடிக்கிற பக்கமாக நிற்க வைத்தேன். நாற்பது நிமிடம். மற்றப் பையன்கள் போர்வைகளைச் சுற்றிக்கொண்டு வகுப்பறைக்குள் இருந்தார்கள். ஒருவன் தன் போர்வையை அவனுக்குக் கொடுக்க வந்தான். கன்டினியூட்டி கெட்டுவிடும், ஷாட்டுக்கு ஷாட் தோற்றம் மாறிவிடும் என்று சொன்னேன். அந்த வார்த்தையை அதற்கு முந்தின வாரம்தான் கற்றிருந்தேன். எங்கேயாவது பயன்படுத்த வேண்டும் என்று இருந்தேன்.

ஆறரைக்கு அவன் நடக்க ஆரம்பித்தான்.

அதைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாடே பார்த்தது. பதினொரு நிமிடம் எடுத்தேன், படத்தில் நான்கு நிமிடம் வைத்தேன். மைதானத்தைக் கடந்து, படியேறி, மேடைமேல் வைத்திருக்கும் சான்றிதழை வாங்க மானிட்டர் வருகிறான். செத்த பிறகும் நல்லொழுக்கப் பரிசை விட மனசு வரவில்லை அவனுக்கு. ஏழு படி. ஏழுக்கும் ஏழு விதமாக அவன் உடம்பு மறுத்தது. மூன்றாம் படியில் ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்துக்குத்தான் திரையரங்குகளில் விசில் அடித்தார்கள்.

பாதியில் ஒரு தடவை அவன் என்னைப் பார்த்தான். கேமராவை இல்லை, என்னை. “எபோ, இடுப்புல வலிக்குது” என்றான். தெளிவாகச் சொன்னான். நான்காவது கட்டளை அங்கே இருந்தது.

“பிரமாதமா இருக்கு. நிறுத்தாதே” என்றேன்.

முடித்ததும் இன்னொரு கோணத்திலிருந்து இன்னொரு தடவை எடுத்தேன். இதையும் சொல்லிவிடுகிறேன், முழுதாகச் சொல்வதென்று முடிவு செய்த பிறகு ஒன்றை மறைப்பானேன். இரண்டாவது தடவை எடுத்தது படத்தில் இல்லை. முதல் தடவை அளவுக்கு அது சிரிப்பாக இல்லை.

எகுவா தலையில் தண்ணீர் மூட்டையோடு எட்டு மணிக்குச் சற்று முன்னால் வந்தாள். அவனைப் பார்த்ததும் மூட்டையைக் கீழே போட்டாள். “இது நடிப்பு இல்ல. எபோ, கேமராவை அணை. அணைடா.” அணைத்தேன். வேண்டியது கிடைத்துவிட்டிருந்தது. டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என் மடியில் தலையை வைத்துப் படுத்திருந்தான். உதடு சாம்பல் நிறம். பல் கிட்டிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு வார்த்தை கேட்டான்.

“நல்லா வந்துச்சா?”

“இதுவரைக்கும் யாரும் இப்படி நடிச்சதில்ல” என்றேன். அழுதேன். அது நிஜ அழுகைதான்.

ஆஸ்பத்திரி வாசலில் நீங்கள் ஓடி வந்தீர்கள். “விளையாட்டுக்குத் தொட்டியில குதிச்சிட்டான் அக்கா, சொல்லச் சொல்லக் கேக்கல” என்றேன். யோசிக்காமல் வந்தது, யோசித்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. பதினெட்டு நாள் படுக்கையில் கிடந்தான். உங்கள் அம்மா கேட்டபோது அவனும் “ஆமா, நான்தான் குதிச்சேன்” என்றான். நான் கேட்டுக்கொள்ளவில்லை. படத்துக்குத் தடை வந்துவிடக் கூடாது என்று அவனாகவே சொன்னான். நாளாக ஆக அவனே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான் என்று நினைக்கிறேன். போன ஈஸ்டருக்கு என்னிடம் சொன்னான், “அன்னைக்கு நான் முட்டாத்தனமா குதிக்காம இருந்திருந்தா இந்தக் கால் நல்லா இருந்திருக்கும், இல்லடா?” என்று. நான், “பழசை விடு” என்றேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். முதலில் தேவாலயக் கூடத்தில் போட்டோம், பிறகு கைபேசியிலிருந்து கைபேசிக்குப் பரவியது, பிறகு அக்ராவிலிருந்து ஆள் வந்தது. கல்யாண வீடுகளில் அந்த நடையை ஆடினார்கள். எனக்குத் தொழில் அமைந்தது. ஃபீஃபிக்கு கொட்டொகுராபா சந்தை ஓரத்தில் கைபேசி பழுது பார்க்கும் கடை அமைந்தது. அவன் கால் அதன் பிறகு நேராகவில்லை. இப்போதெல்லாம் அவன் நடப்பதே அப்படித்தான். சின்னப் பிள்ளைகள் “மானிட்டர், மானிட்டர்” என்று கத்திக்கொண்டு பின்னால் இழுத்து இழுத்து நடந்து வருவார்கள். அவன் திரும்பி நின்று குனிந்து வணக்கம் போடுவான். நானே நின்று பார்த்திருக்கிறேன். அவன் சந்தோஷமாக இருப்பதாகத்தான் எனக்குப் பட்டது. எனக்கு அப்படிப் படுவது எனக்கு வசதி என்பதும் தெரியும்.

நீங்கள் எகுவாவை டக்கொராடியில் பார்த்தீர்கள் என்றும், அவள் எட்டு மணித் தண்ணீர் மூட்டையைப் பற்றிச் சொன்னாள் என்றும் போனில் சொன்னீர்கள். எக்ஸ்ரேயைப் பற்றியும் சொன்னீர்கள். இடுப்பு மூட்டில் எலும்பு செத்துவிட்டது, அந்தத் தொட்டி நாள் அடைப்பிலிருந்தே சாக ஆரம்பித்திருக்கும், மாற்று மூட்டு வைத்தே ஆக வேண்டும் என்று. அடுத்த மாதம் இரண்டாம் வாரம் அறுவை என்று தேதி கொடுத்திருக்கிறார்கள். நான் சந்தோஷப்பட்டேன். உண்மையாக. செலவு முழுதும் என்னுடையது என்று அவனிடம் எப்போதோ சொல்லிவிட்டேன்.

நீங்கள் அழவில்லை. அழுவீர்கள் என்று நினைத்தேன். திட்டவும் இல்லை. போலீசுக்குப் போவதென்றால் போங்கள், இதையே அங்கேயும் சொல்கிறேன். சொன்னதில் எனக்கு ஒரு பாரம் குறைந்த மாதிரி இருக்கிறது. இனி உங்களிடம் எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை, அதனால் கடைசியாக ஒன்றையும் பேசிவிடலாம்.

இரண்டாம் பாகம் எடுக்கிறோம். ஆறு வாரப் படப்பிடிப்பு, அறுவைக்கு அடுத்த வாரம் ஆரம்பம். முதலாளிகளுக்கு வேண்டியது ஃபீஃபி மட்டும்தான். டாக்டர் அறுவை முடிந்தால் அவன் எல்லோரையும்போல நேராக நடப்பான் என்கிறார். நல்ல செய்திதான், யார் மறுப்பார்கள். ஆனால் பன்னிரண்டு வருடம் பொறுத்த எலும்பு இன்னும் இரண்டு மாதம் பொறுக்காதா? நோயாளியே கேட்டுக்கொண்டால் தேதியைத் தள்ளி வைக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துவிட்டேன். அவன்தான் தயங்குகிறான். ராத்திரியெல்லாம் தூக்கமில்லை, இனித் தாங்காது என்கிறான். அவனுக்கும் இது நல்ல வாய்ப்பு. உங்கள் வார்த்தையை அவன் தட்டமாட்டான்.

நீங்கள் ஒரு தடவை எடுத்துச் சொல்லுங்கள், அக்கா.